கல்லுரசிக்கு எந்தப் பீரோ

காப்பகத்தில் ஒரு செடியைச் செடி என்று ஒப்புக்கொள்ள வேண்டுமானால் முதலில் அது சாக வேண்டும். பிறகு அதைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைக்க வேண்டும். கெட்டி வெள்ளைத்தாளில் ஒட்ட வேண்டும். வலது கீழ் மூலையில் பெயர்ச்சீட்டு, சீட்டின் மேல் முத்திரை. அதன் பிறகு செடிக்கு ஒரு குடும்பம் ஒதுக்கப்படும். குடும்பத்துக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு வரிசை பீரோ, பீரோவுக்குள் அந்துருண்டை. மொத்தம் நாற்பத்தொரு குடும்பங்கள். உலகத்தில் அதைவிட அதிகம் உண்டு என்று வெளியே பேச்சு இருக்கிறது. இருக்கலாம். காப்பகத்தில் இடம் நாற்பத்தொன்றுக்குத்தான்.

கட்டடத்தின் கடைசியில், கழிப்பறைக்கும் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் அறைக்கும் நடுவே இருந்த அறையில் ஒரு பெண் வேலை பார்த்தாள். செடிகளின் மரபணுவைப் படிப்பது அவள் வேலை. இலையை அரைத்து, வடித்து, சுத்தம் செய்து இயந்திரத்தில் கொடுத்தால் அது நாலே நாலு எழுத்துகளில் பக்கம் பக்கமாகக் கக்கும். இரண்டு செடிகளின் எழுத்துகளை அருகருகே வைத்து, எத்தனை இடத்தில் மாறியிருக்கிறது என்று எண்ணினால், அவை எந்தக் காலத்தில் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தன என்று சொல்லிவிடலாம். அதனால் காப்பகத்தில் அவளுக்கு ‘நாலெழுத்து’ என்று பெயர் விழுந்தது. நாலெழுத்து படித்த திமிர் என்று சேர்த்துச் சொல்கிறவர்களும் இருந்தார்கள்.

அவள் மூன்று வருடமாகப் படித்துக்கொண்டிருந்தது கல்லுரசி என்ற செடியை. சாண் உயரம்கூட இருக்காது. பாறை இடுக்கில் முளைக்கும். தடித்த சாம்பல்நிற இலை, தொட்டால் உப்புத்தாள் மாதிரி சுரசுரக்கும். நூற்றுப் பத்து வருடங்களுக்கு முன்பு காப்பகத்தின் நிறுவனர் அதைக் கைலென்ஸில் பார்த்து, இலை தடிப்பாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பதினேழாம் குடும்பத்தில் சேர்த்துவிட்டுப் போயிருந்தார். நாலெழுத்து எண்ணிப் பார்த்ததில் அதற்கும் பதினேழாம் குடும்பத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே வெயிலில் நின்றால் அந்நியர்களும் ஒரே மாதிரி கறுத்துப்போவார்கள். அவ்வளவுதான் விஷயம். உண்மையில் கல்லுரசி எல்லாக் கிளைகளிலிருந்தும் பல கோடி வருடங்களுக்கு முன்பே பிரிந்து, தனியாகவே வந்து சேர்ந்த செடி. அதன் கிளையில் இன்று உயிரோடு மிச்சமிருப்பது அது மட்டும்தான்.

இதைச் சொல்ல அவசரம் இருந்தது. பதினேழாம் குடும்பத்துச் செடிகளின் விதை ஆடுமாடுகளுக்கு நஞ்சு. ஆகவே குடும்பம் மொத்தமும் ஒழிக்கவேண்டிய பட்டியலில் இருந்தது. பட்டியலைத் தருவது காப்பகம். மருந்தடிப்பது வேறு துறை. இருபதாம் தேதி, ஊரின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் பாறைச் சரிவில் மருந்தடிக்கப்போவதாக அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தது. அவளுக்குத் தெரிந்து உலகத்தில் மிஞ்சிய கல்லுரசிகள் அறுபத்தொன்று. அறுபத்தொன்றும் அந்தச் சரிவில்தான்.

முதல் தேதி அவள் அறிக்கையைக் கொண்டுபோய்ப் பதினேழாம் பிரிவின் தலைவரிடம் கொடுத்தாள். மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார்.

“உக்காரும்மா. அறிக்கை பாத்தேன். அட்டை பிரமாதம்.”

“உள்ள படிச்சீங்களா சார்?”

“உள்ள போனா மனசு கஷ்டப்படும்னு போகல. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நீ சொல்றபடி செஞ்சா என்கிட்டேருந்து எத்தனை தாள் போகும்?”

“இருநூத்திப் பன்னெண்டு.”

அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். பிறகு திறந்தார். மறுபடி சாத்தினார்.

“கேட்டியா? சத்தமே வராது. தேக்கு. இப்ப என்கிட்ட மூவாயிரத்து நூத்தி நாலு தாள் இருக்கு. மூவாயிரத்துக்குக் கீழ போச்சுன்னா இது பிரிவு இல்ல, உட்பிரிவு. உட்பிரிவுக்குக் கதவு கிடையாது. தட்டி வெச்சு மறைப்பாங்க. தும்மினா பக்கத்து ஆள் ‘நூறு ஆயுசு’ம்பான். முப்பது வருஷம் உழைச்சு இந்தக் கதவை வாங்கியிருக்கேன்.”

“சார், இருபதாம் தேதி மருந்தடிச்சா இந்தச் செடி உலகத்துலயே இருக்காது.”

“இங்க இருநூத்திப் பன்னெண்டு தாள் பத்திரமா இருக்கேம்மா. எங்க போயிடப்போகுது? நீ சின்னப் பொண்ணு. அறிவியல் மாறிக்கிட்டே இருக்கும். கதவு அப்படி இல்ல.”

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று.

விஷயம் வகைப்பாட்டுக் குழுவுக்குப் போனது. ஐந்தாம் தேதி கூட்டம். கூட்டத்தின் முதல் நிகழ்ச்சி எப்போதும் லென்ஸ் பார்த்தல். நிறுவனரின் கைலென்ஸை வெல்வெட் மெத்தையில் வைத்து எடுத்து வருவார்கள். ஒவ்வொருவராக அதைக் கண்ணில் வைத்து, “தெரிகிறது” என்று சொல்லி அடுத்தவரிடம் தர வேண்டும். லென்ஸுக்கு அடியில் எதையும் வைப்பதில்லை. கண்ணாடியில் பூஞ்சை பிடித்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. இயக்குநர் பார்த்தார், தெரிந்தது. நாற்பத்தொரு தலைவர்களுக்கும் தெரிந்தது. நாலெழுத்தின் முறை வந்தது.

“ஒண்ணும் தெரியல சார்” என்றாள்.

இயக்குநர் குறிப்பெடுப்பவரைப் பார்த்தார். அவர் எழுதினார்: “ஆய்வாளருக்குப் பார்வைக் கோளாறு. கண் மருத்துவரின் சான்றிதழ் வரும்வரை அவரது அறிக்கையைப் பரிசீலிக்க இயலாது.”

அதில் மூன்று நாள் போனது. கண் மருத்துவர், “உங்களுக்குப் பார்வை நல்லாத்தானே இருக்கு, எதுக்குச் சான்றிதழ்?” என்று கேட்டார். “அதுதான் பிரச்சினை” என்றாள்.

எட்டாம் தேதி சான்றிதழோடு போனாள். கூடவே ஒரு தொட்டியில் கல்லுரசியையும் எடுத்துப் போயிருந்தாள். நேரில் பார்த்தால் ஒருவேளை மனம் இளகலாம் என்று நினைப்பு. வாசலில் காவலாளி மறித்தார்.

“உயிரோட செடி உள்ள வரக் கூடாது மேடம். பூச்சி வரும்.”

“இது செடிங்களுக்கான ஆபீஸ்ங்க.”

“அதனாலதான் மேடம்.”

தொட்டியைக் காவலாளியின் ஸ்டூலுக்கு அடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். இயக்குநர் நல்ல மனநிலையில் இருந்தார்.

“அம்மா, உங்க அறிக்கையில ஒரு அடிப்படைக் குறை. மாதிரி எங்கேருந்து எடுத்தீங்க?”

“சரிவுல நிக்கிற செடியோட இலை சார். அப்புறம் பீரோவுல இருக்கிற தாள்லேருந்தும் ஒம்பது எடுத்தேன். எல்லாம் ஒரே முடிவுதான்.”

“உயிரோட இருக்கற செடி நம்ம எல்லைக்குள்ள வராது. அது நாளைக்கு வளரும், வாடும், பூக்கும். அதை நம்பி எப்படி முடிவெடுக்கறது? பீரோவுல இருக்கறது பின்னாடி வந்தவங்க சேத்தது. கல்லுரசின்னா நிறுவனர் தன் கையால ஒட்டின அந்த ஒரு தாள்தான். மத்ததெல்லாம் அது மாதிரி இருக்கு, அவ்வளவுதான். அந்தத் தாள்லேருந்து படிச்சீங்களா?”

“அதைத் தொட அனுமதி இல்லைன்னு மூணு தடவை திருப்பி அனுப்பிட்டீங்க.”

“பாத்தீங்களா, முக்கியமான ஆதாரத்தையே பாக்காம அறிக்கை எழுதியிருக்கீங்க.”

நிறுவனரின் தாள் காப்பகத்தின் பெருமை. வேறெந்தத் தாளிலும் வண்டு ஒரு கை பார்க்காமல் விட்டதில்லை. இதில் மட்டும் ஒரு பொத்தல் கிடையாது. நிறுவனரின் கைராசி என்பார்கள். வருடா வருடம் ஒரு குழு அதைச் சோதித்து, “இலைகள் ஐந்து. நலம்” என்று கையெழுத்துப் போட்டிருந்தது. ஐம்பத்திரண்டு கையெழுத்துகள்.

அன்று வேறு வழியில்லாமல் அனுமதி கிடைத்தது. கல்லுரசி பதினேழாம் குடும்பம்தான் என்று இயந்திரமே சொல்லிவிட்டால் பிறகு யாரும் வாயைத் திறக்க முடியாது என்று பதினேழாம் பிரிவுத் தலைவர் சொன்னதும் ஒரு காரணம். பத்தாம் தேதி, இயக்குநர் முன்னிலையில், புதுக் கத்தரியால் ஐந்தாவது இலையின் நுனியில் கடுகளவு வெட்டி எடுத்தார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பதின்மூன்றாம் தேதி இயந்திரம் முடிவைக் கொடுத்தது. அவள் இரண்டு தடவை பார்த்தாள். குழாய்களை மாற்றி மறுபடி செய்தாள். எழுத்துகள் சிதைந்து துண்டு துண்டாகத்தான் வந்தன, ஆனாலும் சந்தேகத்துக்கு இடமில்லை. பருத்தி.

அன்று சாயங்காலம் இலையின் பெரிதாக்கிய படத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் அக்காவிடம் காட்டினாள். அக்கா தையல்காரி. முன்னறையில் இரண்டு மிஷின் போட்டு, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே ஊர் நியாயம் பேசுகிறவள்.

“என்னடி இது, யாரோட ஜாக்கெட்?”

“இலைக்கா. நூத்திப் பத்து வருஷத்து இலை.”

அக்கா குண்டூசிகளை எடுத்துப் பஞ்சுருண்டையில் குத்தினாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

“காட்டன்டி இது. கஞ்சி போட்டு, சாயம் தடவி, இஸ்திரி போட்டிருக்கான். ஓரத்தைப் பாரு, பல்லு பல்லா. நூல் பிரியாம இருக்க வெட்டற கத்திரி. என்கிட்டயே ஒண்ணு இருக்கு. வெட்டினவன் வேலை தெரிஞ்சவன்தான், நடு நரம்பைக்கூடச் சங்கிலித் தையல்ல போட்டிருக்கான் பாரு.”

“ஐம்பத்திரண்டு வருஷமா நலம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்கக்கா.”

“நலமாத்தானே இருக்கு? நல்ல துணிடி.”

செடியை வண்டு எப்போதோ தின்று தீர்த்திருக்க வேண்டும். யாரோ புண்ணியவான், பழி தன்மேல் விழாமலிருக்க, துணியில் ஐந்து இலை வெட்டி ஒட்டியிருந்தான். நாலெழுத்து சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்படி ஆனது.

பதினாறாம் தேதி கூட்டத்தில் அவள் விஷயத்தை நேராகச் சொன்னாள். நிறுவனரின் தாளில் இருப்பது செடி இல்லை, துணி. ஆகவே அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சரிவில் உயிரோடு இருக்கும் செடிகளைத்தான் பார்க்க வேண்டும்.

பருத்திக் குடும்பத்துக்கு இருபத்திரண்டாம் எண். அதன் தலைவர் அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததாக யாருக்கும் நினைவில்லை. எழுந்து நின்றார்.

“எனக்குத் தெரியும். ரொம்ப நாளாவே உள்ளுக்குள்ள ஒரு இது. கல்லுரசி பீரோவைத் தாண்டிப் போறப்பல்லாம் என்னவோ பண்ணும். நம்ம பிள்ளை அடுத்த வீட்டுல வளர்ற மாதிரி.”

“சார், அது துணி” என்றாள் நாலெழுத்து. “ஓரத்தைப் பாருங்க, கத்திரியால வெட்டினது.”

“இலை ஓரம் பல்லு பல்லா இருக்கறது எங்க பக்கம் சகஜம்” என்றார் இருபத்திரண்டாம் தலைவர்.

இயக்குநர் கையை உயர்த்தினார். “அம்மா, இயந்திரம் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“இயந்திரம் பொய் சொல்லல சார்.”

“பருத்தின்னு சொல்லிச்சா இல்லையா?”

“சொல்லிச்சு.”

“எழுதிக்கோங்க.”

பதினேழாம் பிரிவுத் தலைவர் மேசையைக் குத்தினார். இருநூற்றுப் பன்னிரண்டு தாளும் போனால் தன்னிடம் மிஞ்சுவது இரண்டாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்றார். கதவைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். கடைசியில் ஒரு யோசனையும் சொன்னார்: பூ இருக்கிற தாள்கள் நூற்று நாலு, அவை பருத்திக்குப் போகட்டும், பூ இல்லாதவை பதினேழிலேயே இருக்கட்டும். குழுவில் பாதிப் பேருக்கு இது நியாயமாகப் பட்டது. இயக்குநர் அதைவிட நல்ல வழி கண்டுபிடித்தார்.

“கல்லுரசி முழுசா பருத்திக்குப் போகட்டும். கீழ்த்தளத்துல அடையாளம் தெரியாத செடிங்க நிறைய கட்டுக் கட்டா கிடக்கு. அதுலேருந்து நூத்தியெட்டுத் தாள் பதினேழுக்குக் குடுத்துடலாம். கணக்கா மூவாயிரம். கதவும் இருக்கும், அறிவியலும் இருக்கும்.”

கைதட்டல் எழுந்தது. நிறுவனர் தன்னடக்கம் காரணமாகத்தான் கல்லுரசியைப் பருத்தி என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை என்றும் தீர்மானத்தில் சேர்த்தார்கள். கீழே ஆய்வாளரின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

கூட்டம் கலைந்ததும் இயக்குநர் அவளைத் தனியாக உட்காரவைத்தார்.

“ஏம்மா முகம் இப்படி இருக்கு? உங்க செடி பொழச்சுது. பருத்தி பட்டியல்ல இல்ல. கையெழுத்தைப் போட்டீங்கன்னா நாளைக்கே மருந்தடிக்க வேணாம்னு கடிதம் போயிடும். நீங்க கேட்டது இதுதானே?”

அது உண்மைதான். அவள் பேனாவை எடுத்தாள். தீர்மானத்தை மறுபடி படித்தாள்.

“இந்த நூத்தியெட்டுச் செடி என்னன்னு யாருக்காவது தெரியுமா சார்?”

“அடையாளம் தெரியாததுன்னு சொல்றேனேம்மா.”

“பதினேழுல சேத்துட்டா அதுங்களும் பட்டியலுக்கு வந்துடும். எங்கெங்க நிக்குதோ அங்கெல்லாம் மருந்தடிப்பாங்க.”

“பேரே இல்லாத செடி. போனா யார் வந்து கேக்கப்போறாங்க?”

அவள் பேனாவை மூடினாள்.

“நான் கேக்கறேன் சார். கல்லுரசி பருத்தி இல்ல. உங்க தாள்ல இருக்கறது இலை இல்ல. இதுல கையெழுத்துப் போட மாட்டேன்.”

“அப்ப உங்க செடி பதினேழுலயே இருக்கும். இருபதாம் தேதி அடிச்சுடுவாங்க. பரவாயில்லையா?”

“பரவாயில்லைன்னு நான் சொல்லல. கையெழுத்துப் போட மாட்டேன்னுதான் சொன்னேன்.”

பதினெட்டாம் தேதி உத்தரவு வந்தது. ஆய்வாளர் உடனடியாகக் களப்பணிக்கு மாற்றப்படுகிறார். இயந்திர அறை பூட்டப்படும். இருபதாம் தேதி பாறைச் சரிவுக்குப் போய், ஒழிக்கவேண்டிய செடிகளை மருந்தடிப்பவர்களுக்கு அடையாளம் காட்டுவது அவரது முதல் பணி. இந்த யோசனை பதினேழாம் பிரிவுத் தலைவருடையது. அவள் செடியை அவள் கையாலேயே காட்டிக் கொடுக்கட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று சாப்பாட்டு அறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். காப்பகத்தில் களப்பணி என்பது தண்டனை. வெயில், தூசி, அதோடு செடிகள் வேறு.

“போகப்போறியா?” என்றாள் அக்கா, மிஷினை நிறுத்தாமல்.

“போகாம?”

“தொப்பி எடுத்துட்டுப் போ. அழுதுட்டு மட்டும் வராத, எனக்குத் துணி நனையும்.”

இருபதாம் தேதி காலை எட்டரைக்குச் சரிவில் மூன்று பேர் முதுகில் மருந்துத் தொட்டியோடு நின்றார்கள். அவர்களில் மூத்தவர் கையில் ஒரு படிவம் வைத்திருந்தார்.

“நீங்க ஆபீஸா மேடம்? நெசமாவா?” என்றார். “பதினோரு வருஷமா அடிக்கிறேன், அடையாளம் காட்ட ஒருத்தரும் வந்ததில்ல. ‘பச்சையா இருக்கறதெல்லாம் அடி’ன்னு போன்ல சொல்லிடுவாங்க. கையெழுத்து அப்புறமா வரும்.”

“இன்னிக்கு நான் வந்திருக்கேன். முதல்ல பாத்துடறேன்.”

அவள் சரிவு முழுவதும் ஏறி இறங்கினாள். ஒவ்வோர் இடுக்காகக் குனிந்து பார்த்தாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. மருந்துக்காரர்கள் தொட்டியை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்தார்கள். தொட்டியில் கொண்டுபோய்த் திரும்ப நட்டுவிட்டிருந்ததையும் சேர்த்து அவள் அறுபத்தொன்றையும் எண்ணி முடித்து இறங்கி வந்தபோது ஒரு கார் வந்து நின்றது. பதினேழாம் பிரிவுத் தலைவர் குடையோடு இறங்கினார். வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

“என்னம்மா, காட்டிட்டியா?”

“பாத்துட்டேன் சார். பதினேழாம் குடும்பத்துச் செடி இந்தச் சரிவுல ஒண்ணுகூட இல்ல.”

மருந்துக்காரர் படிவத்தை நீட்டினார். அவள் அதில், ‘ஒழிக்கவேண்டிய செடிகள்: இல்லை’ என்று எழுதினாள்.

“இல்லையா?” தலைவரின் குடை சாய்ந்தது. “கல்லுரசி எங்க? யோவ், அவ பேச்சைக் கேக்காத. நான் பிரிவுத் தலைவர். நான் சொல்றேன், அடி.”

“அடிக்கிறோம் சார்” என்றார் மருந்துக்காரர். “எதைன்னு காட்டுங்க.”

தலைவர் பாறைகளுக்கு நடுவே ஏறினார். முப்பது வருடமாகக் கல்லுரசியைப் பார்த்தவர்தான். ஆனால் அது எப்போதும் தட்டையாக, பழுப்பாக, வலது மூலையில் பெயரோடு இருந்தது. இங்கே எல்லாம் நின்றுகொண்டிருந்தன. நாலாப்பக்கமும் இலை விட்டிருந்தன. எதிலும் பெயர் எழுதியில்லை. ஒரு புல்லைக் காட்டினார். “அது புல்லு சார்” என்றார் மருந்துக்காரர். ஒரு பெரணியைக் காட்டினார். உடனே கையை இழுத்துக்கொண்டார். பிறகு கோபம் வந்தது.

“நிக்கிற செடிய எப்படிய்யா சொல்றது? புடுங்கி, காயவெச்சு, ஒட்டிக் கொண்டா. பாத்த நிமிஷத்துல சொல்றேன்.”

“அதுக்கு ஒரு மாசம் ஆகும் சார். எனக்கு இன்னிக்கு மதியம் வேற எடம் போகணும்.” மருந்துக்காரர் நாலெழுத்தின் பக்கம் திரும்பினார். “மேடம், காட்டற அலுவலர்னு உங்க பேர்தான் போட்டிருக்கு. கையெழுத்துப் போடறீங்களா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களத்தான் கேப்பாங்க.”

“தெரியும், குடுங்க.”

பாறைமேல் படிவத்தை வைத்து முழுப்பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள். மருந்துக்காரர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மற்ற இருவரும் தொட்டிகளைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பிப் போனது.

தலைவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“வேலை போயிடும்மா உனக்கு” என்றார்.

“காலை எடுங்க சார்.”

“நான் சொல்றது புரியுதா? விசாரணை வெப்பாங்க. இதுவரைக்கும் செஞ்சது எல்லாம் கிண்டுவாங்க. இந்தக் கையெழுத்து ஒண்ணு போதும்.”

“வெக்கட்டும். அந்தக் கையெழுத்தை நான் மாத்தப்போறதில்ல. நீங்க நிக்கறது ஒரு கல்லுரசி மேல சார். காலை எடுங்க.”

அவர் குனிந்து பார்த்தார். அவருக்கு அப்போதும் எதுவென்று தெரியவில்லை. ஆனால் காலை எடுத்தார்.